கடல் தாண்டினால் களவில்லை: 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களின் பதிப்புரிமைப் போராட்டம்

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் நூல்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டன என்று எழுத்தாளர்கள் தொடுத்த வழக்குகள் பல நாடுகளில் நடந்துவருகின்றன. அந்தச் செய்திகளைப் படிக்கும் பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது. ஒரே செயல் ஒரு நாட்டில் குற்றமாகவும் இன்னொரு நாட்டில் அனுமதிக்கப்பட்டதாகவும் எப்படி இருக்க முடியும்? பதிப்புரிமைக்கு உலகம் முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாதா?

கிடையாது, என்றுமே இருந்ததில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைக்கச் சில உடன்படிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் மூத்தது 1886-இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கை. அது ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது, எதைக் காக்கிறது, எதை விட்டுவிட்டது என்பதெல்லாம் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டுச் சண்டையில் முடிவானவை. அந்தச் சண்டையைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய வழக்குகளைப் புரிந்துகொள்வது கடினம்.

உரிமை ஏன் எல்லையோடு நின்றது?

பதிப்புரிமை என்பது ஒரு நூலை அச்சிடவும் விற்கவும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவருக்கு மட்டும் சட்டம் தரும் தனியுரிமை. 1710-இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் ஆன் அரசி சட்டம் இதற்கு அடித்தளம் போட்டது. புதிய நூல்களுக்கு 14 ஆண்டுகள். எழுத்தாளர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14 ஆண்டுகள். இது என்றென்றைக்குமான சொத்து அல்ல, காலவரை உள்ள உரிமைதான் என்று 1774-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. பிரான்சில் புரட்சி அரசு 1793-இல் எழுத்தாளரின் ஆயுளுக்கும், அவர் இறந்தபின் 10 ஆண்டுகளுக்கும் உரிமை வழங்கியது.

இந்த உரிமையைத் தருவது ஒரு நாட்டின் சட்டம். ஆகவே அந்த நாட்டின் எல்லை வரைதான் அது செல்லும். இலண்டனில் அனுமதியின்றி அச்சிட்டவர் மீது வழக்குப் போடலாம். அதே நூலை நியூயார்க்கில் அச்சிட்டவரை இலண்டன் நீதிமன்றத்தால் தொட முடியாது.

அமெரிக்கா இதற்கு ஒருபடி மேலே போனது. 1790-இல் அது இயற்றிய முதல் பதிப்புரிமைச் சட்டம் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும் பாதுகாப்புத் தந்தது. வெளிநாட்டவர் எழுதி வெளிநாட்டில் வெளியான நூல்களை இறக்குமதி செய்யவோ மறுபதிப்புச் செய்யவோ தடையில்லை என்பதை அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவே வெளிப்படையாகச் சொன்னது. எனவே நாம் இன்று 'களவுப் பதிப்பு' என்று அழைப்பது அன்றைய அமெரிக்காவில் குற்றமல்ல. நூறு ஆண்டுகள் சட்டப்படியே நடந்த தொழில் அது.

28 மணி நேரத்தில் ஒரு நாவல்

அந்தத் தொழில் நடந்த விதத்தை அறிய பிலடெல்பியாவைப் பார்த்தால் போதும். 1820-களில் வால்டர் ஸ்காட்டின் நாவல்களுக்கு அமெரிக்காவில் அடங்காத பசி இருந்தது. அவற்றை அச்சிட யாருக்கும் அனுமதி தேவையில்லை. அப்படியானால் லாபம் யாருக்கு? முதலில் கடைக்குக் கொண்டுவருபவருக்கு. இரண்டாவதாக வருபவருக்கு எதுவும் மிஞ்சாது.

கேரி அண்ட் லீ என்ற பிலடெல்பியா நிறுவனம் இந்தப் பந்தயத்தில் தேர்ந்தது. ஸ்காட்டின் நூல் பிரிட்டனில் வெளியாகும் முன்பே அதன் அச்சுத் தாள்களைத் தனக்கு அனுப்பிவைக்கச் சிறு தொகை கொடுத்து ஏற்பாடு செய்திருந்தது. 1823-இல் 'குவென்டின் டர்வர்ட்' நாவல் கைக்கு வந்ததிலிருந்து 28 மணி நேரத்துக்குள் 1,500 பிரதிகள் அனுப்பப்பட்டுவிட்டன அல்லது அனுப்பத் தயாராகிவிட்டன என்று அந்த நிறுவனத்தின் கடிதம் ஒன்று பெருமையோடு சொல்கிறது. எழுத்து எழுத்தாகக் கையால் அச்சுக்கோத்த காலம் அது. ஒரு முழு நாவலை ஒரு பகலும் ஓர் இரவும் சற்றுக் கூடுதலுமான நேரத்தில் கோத்து, அச்சிட்டு, மடித்து, தைத்து முடிக்க எத்தனை கைகள் உழைத்திருக்க வேண்டும்!

விலையில் இருந்த வேறுபாடுதான் அமெரிக்க வாசகரின் மனநிலையை விளக்கும். பிரிட்டனில் ஒரு புதிய நாவல் மூன்று தொகுதிகளாக வரும். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அன்றைய மாற்று விகிதத்தில் ஏழரை டாலருக்கும் மேல். பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கமே அதை வாங்காமல் வாடகை நூலகங்களில் எடுத்துத்தான் படித்தது. அதே நாவலின் அமெரிக்க மறுபதிப்பு அரை டாலருக்கும் அதற்குக் கீழேயும் கிடைத்தது. 1826-இல் ஸ்காட் கடனில் மூழ்கி, மிச்ச வாழ்நாளை எழுதியெழுதிக் கடனடைப்பதில் கழித்தார். கடல் தாண்டிப் படித்தவர்கள் கொடுத்த காசில் சொற்பமே அவருக்கு வந்தது.

அமெரிக்காவை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. ஐரோப்பாவுக்குள்ளேயே பிரஸ்ஸல்ஸ் இருந்தது. பிரெஞ்சு மொழி பேசும் பெல்ஜியத்தில் பாரிஸ் நூல்களை அனுமதியின்றி அச்சிட்டு ஐரோப்பா முழுவதும் விற்பது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. பாரிஸ் நாளிதழ்களில் தொடர்கதையாக வந்த நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாகச் சேர்த்து, பாரிஸில் புத்தகம் வரும் முன்பே பிரஸ்ஸல்ஸில் புத்தகமாக்கிவிடுவார்கள். 1834-இல் பால்சாக் பிரெஞ்சு எழுத்தாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, ஒன்றுசேரச் சொன்னார். 1838-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம் பிறந்ததற்கு இந்தக் கொள்ளையும் ஒரு காரணம்.

டிக்கன்ஸ் வாயைத் திறந்தார்

1837-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் 56 பேர் கையெழுத்திட்ட மனு அமெரிக்க செனட்டுக்குப் போனது. ஹென்றி கிளே என்ற செனட்டர் அதை ஏற்று மசோதா கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் மறுபடியும் மறுபடியும் கொண்டுவந்தார். ஒன்றும் நகரவில்லை.

1842 ஜனவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் பாஸ்டனில் கப்பலிலிருந்து இறங்கினார். வயது 30-ஐ எட்டவில்லை. அவருடைய நாவல்களை அமெரிக்காவில் படிக்காதவர் அரிது. அதனால் அவருக்குக் கிடைத்த வரவேற்பு அதுவரை எந்த எழுத்தாளரும் காணாதது. அந்த வரவேற்பு விருந்துகளிலேயே, பாஸ்டனிலும் ஹார்ட்ஃபோர்டிலும், சர்வதேசப் பதிப்புரிமை வேண்டும் என்று பேசினார். ஸ்காட்டின் கதையை நினைவூட்டினார்.

பத்திரிகைகள் பாய்ந்தன. விருந்தாளியாக வந்தவர் பணம் கேட்கிறார், பேராசைக்காரர் என்று எழுதின. அவற்றின் கோபத்துக்குக் காரணம் எளிது. 1837-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்த நியூயார்க் பத்திரிகைகளில் சில, பிரிட்டிஷ் நாவல்களை முழுசாகத் தங்கள் சிறப்பிதழ்களில் அச்சிட்டுத்தான் பிழைத்தன. 'தி நியூ வேர்ல்ட்', 'பிரதர் ஜோனதன்' ஆகிய இரண்டும் அதில் முன்னணி. டிக்கன்ஸ் கேட்ட சட்டம் அவற்றின் அடிமடியில் கைவைத்தது.

நாடு திரும்பிய டிக்கன்ஸ் தன் பயண நூலை அக்டோபர் 1842-இல் வெளியிட்டார். அமெரிக்காவை விமர்சித்த அந்த நூலையும், கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்த கையோடு, அதே பத்திரிகைகள் சிறப்பிதழாக அச்சிட்டு விற்றன. எழுதியவருக்கு ஒரு சல்லிக்காசும் இல்லை.

டிக்கன்ஸுக்கு ஆதரவாக வாஷிங்டன் இர்விங் போன்ற அமெரிக்க எழுத்தாளர்களும் மனுவில் கையெழுத்திட்டார்கள். இது தர்மசிந்தனையால் மட்டும் வந்ததல்ல. ஒரு அமெரிக்கப் பதிப்பாளரின் மேசையில் இரண்டு கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று புகழ்பெற்ற ஆங்கிலேயருடையது. காசு தர வேண்டியதில்லை. இன்னொன்று பெயர் தெரியாத அமெரிக்கருடையது. அவருக்கு ராயல்டி தர வேண்டும். எதை அச்சிடுவார்? வெளிநாட்டவரைக் காக்காத சட்டம் சொந்த நாட்டு எழுத்தாளரின் கழுத்தையும் நெரித்தது. இந்த வாதம்தான் கடைசியில் வென்றது. ஆனால் வெல்வதற்கு இன்னும் 49 ஆண்டுகள் ஆயின.

எதிர்த்தவர்கள் முட்டாள்கள் அல்லர்

இந்த வரலாற்றை நல்ல எழுத்தாளர்களுக்கும் கெட்ட அச்சகக்காரர்களுக்கும் நடந்த சண்டையாகச் சொல்லிவிடுவது வழக்கம். எதிர்வாதங்களைக் காதுகொடுத்துக் கேட்டால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

1. மலிவான நூல் என்பது குடியாட்சியின் உணவு. வாக்குரிமை பெற்ற சாதாரண மக்கள் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் விலையில் அவர்களால் படிக்க முடியாது. இதை அமெரிக்கக் காங்கிரஸில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

2. பதிப்புரிமை என்பது வாசகர் மீது போடப்படும் வரி. இதைச் சொன்னவர் அமெரிக்கர் அல்லர். 1841-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே சொன்னார். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியைப் புகுத்திய அதே மெக்காலேதான். எழுத்தாளருக்குக் கூலி கிடைக்க இந்த வரி வேண்டியதே, ஆனால் தேவைக்கு ஒரு நாள்கூட அதிகமாக நீடிக்கக் கூடாது என்பது அவர் நிலை. பதிப்புரிமைக் காலத்தை நீட்டிக்க வந்த மசோதாவை அந்த உரை அப்போதைக்கு வீழ்த்தியது.

3. கருத்துகள் யாருக்கும் சொந்தமல்ல. 1853-இல் ஹென்றி கேரி என்ற பொருளியலாளர் கடித வடிவில் ஒரு நூலே எழுதினார். எழுத்தாளர் எடுத்தாளும் உண்மைகளும் கருத்துகளும் பொதுச்சொத்து. அவற்றுக்கு அவர் உடுத்தும் சொல்லாடைக்காக நீண்ட தனியுரிமை தரத் தேவையில்லை என்றார். அவர், ஸ்காட்டின் நாவலை 28 மணி நேரத்தில் அச்சிட்ட அதே கேரி நிறுவனத்தின் முன்னாள் பங்குதாரர். அதனால் வாதம் பொய்யாகிவிடாது. ஆனால் எங்கிருந்து பேசுகிறார் என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

4. வேலை. அச்சுக்கோப்பவர், காகிதம் செய்பவர், புத்தகம் கட்டுபவர் என ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மறுபதிப்பால் வாழ்ந்தன. உரிமை பிரிட்டனுக்குப் போனால் அச்சு வேலையும் பிரிட்டனுக்குப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

முதல் இரண்டு வாதங்களில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மலிவு நூலின் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வியை அவை தொடவே இல்லை. காகிதம் விற்றவருக்குக் காசு கிடைத்தது. அச்சுக்கோத்தவருக்குக் கூலி கிடைத்தது. எழுதியவர் ஒருவரைத்தான் குடியாட்சிக்காகப் பட்டினி கிடக்கச் சொன்னார்கள்.

பிரிட்டனும் கை நீட்டியது

1852-இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' அமெரிக்காவில் வெளிவந்தது. உடனே பிரிட்டனில் பதிப்பாளர்கள் போட்டி போட்டு அதை அச்சிட்டார்கள். ஓர் ஆண்டில் அங்கே 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலான பதிப்புகளிலிருந்து ஸ்டோவுக்கு ஒன்றும் வரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் டிக்கன்ஸுக்கு நேர்ந்தது இப்போது ஓர் அமெரிக்கருக்குத் திசைமாறி நேர்ந்தது.

1854-இல் பிரபுக்கள் சபை தந்த ஒரு தீர்ப்பு வெளிநாட்டு எழுத்தாளரின் நிலையை இன்னும் இறுக்கியது. நூல் வெளியாகும் நேரத்தில் எழுத்தாளரின் உடல் பிரிட்டிஷ் மண்ணில் இருந்தால்தான் அவருக்கு பிரிட்டனில் பதிப்புரிமை என்பது அதன் சாரம். மரியா கம்மின்ஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியர் தன் நூல் இலண்டனில் வெளியாகும் நாட்களில் மான்ட்ரியல் போய்த் தங்கினார். கனடா அப்போது பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. அந்தத் தற்காலிகத் தங்கலே போதும் என்று 1868-இல் பிரபுக்கள் சபை ஏற்றது. 1881-இல் 'தி பிரின்ஸ் அண்ட் தி பாப்பர்' வெளியானபோது மார்க் ட்வைனும் அதே வழியில் மான்ட்ரியல் போனார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய 'டாம் சாயர்' நாவலை டொரன்டோவில் ஒரு நிறுவனம் மலிவாக அச்சிட்டு, அதை அமெரிக்கச் சந்தைக்குள்ளேயே கொட்டி அவர் வருமானத்தைக் கெடுத்திருந்தது.

நாடகக்காரர்களின் பாடு இதைவிடக் கடினம். பிரிட்டனின் கில்பர்ட்டும் சல்லிவனும் 1878-இல் அரங்கேற்றிய 'பினஃபோர்' இசை நாடகத்தை அமெரிக்காவில் கேட்பாரின்றிப் பல குழுக்கள் நடத்தின. அடுத்த நாடகத்துக்கு அவர்களே நியூயார்க் போய், 1879 டிசம்பர் 31 அன்று 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' நாடகத்தை அரங்கேற்றினார்கள். ஆனால் முதல் அரங்கேற்றம் வெளிநாட்டில் நடந்தால் பிரிட்டிஷ் உரிமை போய்விடும். ஆகவே முந்தைய நாள், டிசம்பர் 30 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்கே பெய்ன்டன் என்ற சிற்றூரில் அவர்களது சுற்றுப்பயணக் குழு அதே நாடகத்தை ஒரே ஒரு முறை நடத்தியது. ஒத்திகைக்கு நேரமில்லை. நடிகர்கள் வசனத் தாள்களைக் கையில் பிடித்தபடி, பினஃபோர் நாடகத்துக்கு வைத்திருந்த மாலுமி உடையோடு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக் கடற்கொள்ளையர் ஆனார்கள். சட்டத்தின் முன் அது முறையான அரங்கேற்றம்.

சட்டம் இல்லாத இடத்தில் வழக்கம்

சட்டம் வராத அந்த ஆண்டுகளில் வணிகமே சில கட்டுப்பாடுகளை உண்டாக்கிக்கொண்டது.

அமெரிக்காவின் பெரிய பதிப்பாளர்களிடையே 'தொழில் மரியாதை' என்று ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. ஒரு பிரிட்டிஷ் நூலை வெளியிடப்போவதாக முதலில் அறிவித்தவருக்கே அது, மற்றவர்கள் தொடமாட்டார்கள். ஒரு எழுத்தாளரின் முந்தைய நூலை வெளியிட்டவருக்கே அடுத்த நூலிலும் முதலிடம். போட்டி குறைந்ததால் ஹார்ப்பர் சகோதரர்கள் போன்ற நிறுவனங்கள் முன்கூட்டியே அச்சுத் தாள்களைப் பெற டிக்கன்ஸ் போன்றோருக்குக் கணிசமான தொகை கொடுத்தன. ஜெர்மனியில் லைப்சிக் நகரப் பதிப்பாளர் பெர்ன்ஹார்ட் டாவ்க்னிட்ஸ் 1840-களிலேயே, சட்டம் கட்டாயப்படுத்தாதபோதும், பிரிட்டிஷ் எழுத்தாளர்களிடம் அனுமதி பெற்றுப் பணம் கொடுத்து நூல்களை வெளியிட்டார்.

ஆனால் வழக்கம் என்பது எல்லோரும் மதிக்கும் வரைதான். 1870-களின் பின்பாதியில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் 'லேக்சைடு லைப்ரரி', 'சீசைடு லைப்ரரி' என்ற பெயர்களில் 10, 20 சென்ட் நூல் வரிசைகள் வந்தன. இவற்றை நடத்தியவர்கள் தொழில் மரியாதையைச் சட்டைசெய்யவில்லை. ஹார்ப்பர் பணம் கொடுத்து வாங்கிய நாவல் சில நாட்களில் 10 சென்டுக்குத் தெருவில் கிடைத்தது. அதுவரை சர்வதேசப் பதிப்புரிமையை எதிர்த்தோ கண்டுகொள்ளாமலோ இருந்த பெரிய பதிப்பாளர்கள் இப்போது சட்டம் வேண்டும் என்றார்கள். நீதி உணர்வு ஒரே இரவில் முளைக்கவில்லை. முதலீட்டைக் காக்க வேறு வழி இல்லாமல் போனது.

பாரிஸிலிருந்து பெர்ன் வரை

ஐரோப்பாவில் நாடுகள் இரண்டிரண்டாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. 1840-இல் ஆஸ்திரியாவும் சார்டினியாவும், 1846-இல் பிரிட்டனும் பிரஷ்யாவும், 1851-இல் பிரிட்டனும் பிரான்சும். 1852-இல் பிரான்ஸ் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல், எந்த நாட்டு எழுத்தாளரின் நூலையும் தன் மண்ணில் அனுமதியின்றி அச்சிடுவது குற்றம் என்று ஆணையிட்டது. அதே ஆண்டு பெல்ஜியத்துடன் ஒப்பந்தமும் முடிந்தது. பிரஸ்ஸல்ஸ் மறுபதிப்புத் தொழில் சரிந்தது.

இரண்டிரண்டாகச் செய்த ஒப்பந்தங்கள் சிலந்திவலையாகச் சிக்கின. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு காலவரை, வெவ்வேறு பதிவு விதி. தன் நூலுக்கு எங்கே எவ்வளவு காலம் உரிமை என்று எழுத்தாளரால் சொல்ல முடியவில்லை. எல்லா நாடுகளுக்கும் ஒரே உடன்படிக்கை என்ற யோசனை 1858-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் பேசப்பட்டு, 1878-இல் பாரிஸில் உயிர்பெற்றது. உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த அந்த எழுத்தாளர் மாநாட்டுக்கு விக்டர் ஹியூகோ தலைமை ஏற்றார். ரஷ்யாவின் துர்கேனிவ் துணைத் தலைவர்.

ஹியூகோவின் உரையைத் தனி உரிமைக்கான முழக்கமாக மட்டும் நினைவுகூர்பவர்கள் அதில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். நூல் என்ற பொருள் எழுத்தாளருடையது, அதிலுள்ள சிந்தனை மனிதகுலத்துடையது என்றார் அவர். இரண்டு உரிமைகளில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்தாளரின் உரிமையையே விட வேண்டும் என்றும் சொன்னார். எழுத்தாளர் இறந்ததும் நூல் பொதுச்சொத்தாக வேண்டும், யாரும் அச்சிடலாம், அச்சிடுபவர் ஒரு சிறு பங்கைச் செலுத்த வேண்டும் என்பது அவர் முன்வைத்த திட்டம். உடன்படிக்கை அந்த வழியில் போகவில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. எழுத்தாளரின் பேரன் காலம் வரை நீளும் இன்றைய உரிமைகளைப் பார்த்தால் ஹியூகோ திகைத்திருப்பார்.

அந்த மாநாட்டில் பிறந்த சங்கம் 1882-இல் ரோமில் கூடியபோது, ஜெர்மன் புத்தக வணிகர்கள் சார்பில் பால் ஷ்மிட், நாடுகளின் ஒன்றியம் ஒன்றை அமைக்க முன்மொழிந்தார். சுவிஸ் அரசு பொறுப்பேற்றது. 1884, 1885, 1886 என மூன்று ஆண்டுகள் பெர்ன் நகரில் அரசுப் பிரதிநிதிகள் கூடினார்கள். 1886 செப்டம்பர் 9 அன்று பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, ஹெய்ட்டி, லைபீரியா, துனீசியா ஆகிய பத்து நாடுகள் கையெழுத்திட்டன. 1887 டிசம்பர் 5 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

அதன் உள்ளடக்கத்தில் முக்கியமானவை இவை:

1. உள்நாட்டவருக்கு இணையான நடத்தை. ஒன்றியத்தில் உள்ள ஒரு நாடு தன் எழுத்தாளருக்குத் தரும் உரிமையை மற்ற உறுப்பு நாட்டு எழுத்தாளருக்கும் தர வேண்டும். ஒரே சட்டம் எல்லோருக்கும் என்று இது சொல்லவில்லை. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தைத் தானே வைத்துக்கொள்ளும். அதில் அயலார், உள்ளூரார் என்ற வேறுபாட்டை மட்டும் நீக்க வேண்டும். ஒரே நூல் தொடர்பாக இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் இன்று வெவ்வேறு தீர்ப்புச் சொல்ல முடிவதற்கு இந்த விதியே வேர்.

2. சொந்த நாட்டில் பதிவு முதலிய நடைமுறைகளை முடித்தால் போதும். ஒவ்வொரு நாட்டிலும் தனியே பதிய வேண்டியதில்லை. 1908 பெர்லின் திருத்தத்தில் பதிவே தேவையில்லை என்றானது.

3. மொழிபெயர்ப்பு உரிமை எழுத்தாளருக்கு 10 ஆண்டுகள் மட்டும்.

4. அன்றன்றைய செய்திகளும் அரசியல் கட்டுரைகளும் யாரும் எடுத்தாளத்தக்கவை.

அமெரிக்கா பாதிக் கதவைத் திறந்தது

பெர்ன் மாநாட்டில் அமெரிக்கா பார்வையாளராக உட்கார்ந்திருந்தது, கையெழுத்திடவில்லை. ஆனால் உள்நாட்டில் காற்று திரும்பியிருந்தது. 1883-இல் எழுத்தாளர்களின் பதிப்புரிமைச் சங்கமும் 1887-இல் பதிப்பாளர்களின் சங்கமும் தோன்றின. 1886-இல் மார்க் ட்வைன் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். மிச்சமிருந்த தடை அச்சுத் தொழிலாளர் சங்கங்கள்தாம்.

அவர்களை இணங்கவைத்த சமரசம் 1891 மார்ச் 3 அன்று சட்டமானது. முயற்சியை முன்னெடுத்த செனட்டரின் பெயரால் அது சேஸ் சட்டம் எனப்படுகிறது. வெளிநாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்காவில் முதன்முறையாக உரிமை கிடைத்தது. ஆனால் நிபந்தனை: நூல் அமெரிக்காவில் அச்சுக்கோக்கப்பட வேண்டும், வேறு எங்கும் வெளியாகும் நாளுக்குப் பிந்தாமல் அங்கேயும் வெளியாக வேண்டும், அந்த நாளுக்குள் பிரதிகளை ஒப்படைக்க வேண்டும்.

பெரிய பிரிட்டிஷ் எழுத்தாளருக்கு இது கைகூடியது; அவர் நூலுக்கு அமெரிக்கப் பதிப்பாளர் காத்திருந்தார். முதல் நாவல் எழுதிய இளைஞருக்கு, விற்குமோ விற்காதோ என்று தெரியாத நூலை இரண்டு நாடுகளில் ஒரே நேரத்தில் கோக்க யார் முன்வருவார்? பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ எழுதியவருக்கு இன்னும் மோசம். அவருடைய மூல நூலை அமெரிக்காவில் அந்த மொழியிலேயே அச்சுக்கோக்க வேண்டும். நடைமுறையில் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏட்டில்தான் இருந்தது. அச்சுக்கோப்பு நிபந்தனை பலமுறை தளர்த்தப்பட்டு, 1986-இல்தான் முற்றாக ஒழிந்தது. பெர்ன் ஒன்றியத்தில் அமெரிக்கா சேர்ந்தது 1989 மார்ச் 1 அன்று. உலகின் மிகப்பெரிய பதிப்பு ஏற்றுமதியாளராக மாறி வெகுகாலம் கழிந்த பிறகு.

மொழிபெயர்ப்பு: சிறு மொழிகளின் கேள்வி

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். மறுபதிப்புத் தவறு என்பதில் 1880-களில் ஐரோப்பா ஒத்துப்போய்விட்டது. மொழிபெயர்ப்பில் ஒத்துப்போகவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மொழிபெயர்ப்பு எழுத்தாளரின் உரிமைக்குள் வருமா என்பதே தீராத கேள்வியாக இருந்தது. ஸ்டோவின் நாவலை பிலடெல்பியாவில் ஒருவர் ஜெர்மனில் மொழிபெயர்த்து விற்றபோது அவர் வழக்குப் போட்டார். 1853-இல் நீதிபதி கிரியர் அதைத் தள்ளுபடி செய்தார். உரிமை எழுத்தாளரின் சொற்களுக்குத்தான், வேறு மொழியில் வேறு சொற்களால் எழுதப்பட்டது அவர் நூலின் பிரதி ஆகாது என்றார். சொந்த நாட்டில், சொந்த நாட்டு எழுத்தாளருக்கே இந்த நிலை. 1870-இல்தான் அமெரிக்கச் சட்டம் மொழிபெயர்ப்பு உரிமையை எழுத்தாளர் தனக்கென ஒதுக்கிக்கொள்ள வழிசெய்தது.

பெர்ன் மேசையில் பிரான்ஸ், மொழிபெயர்ப்புக்கும் முழுக் கால உரிமை கேட்டது. தன் நாவல்கள் எல்லா மொழிகளிலும் போகும் நாடு அப்படிக் கேட்பது இயல்பு. சுவீடன் போன்ற நாடுகள் மறுத்தன. சில லட்சம் வாசகர்களே உள்ள மொழியில் பிறநாட்டு இலக்கியமும் அறிவியலும் வர வேண்டுமானால் மொழிபெயர்ப்பு எளிதாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் நிலை. அந்த 10 ஆண்டு வரம்பு இந்த இழுபறியில் பிறந்தது. அப்படியும் நார்வே 1896-இலும், டென்மார்க் 1903-இலும், சுவீடன் 1904-இலும், நெதர்லாந்து 1912-இலும்தான் உள்ளே வந்தன. 1908 திருத்தம் மொழிபெயர்ப்புக்கும் முழுக் காலம் தந்தபோது, 1899-இல் சேர்ந்திருந்த ஜப்பான் பழைய 10 ஆண்டு விதியையே தனக்கு வைத்துக்கொண்டது. 1980 வரை அதை விடவில்லை.

பிரிட்டன் கையெழுத்திட்டபோது தன் குடியேற்ற நாடுகளையும் சேர்த்தே கையெழுத்திட்டது. இந்தியாவும் இலங்கையும் இப்படி யாரும் கேட்காமலே 1887-இல் உள்ளே வந்தன. ஆனால் 1914-இன் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிரிட்டிஷ் சட்டத்தை அப்படியே எடுக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் வெளியான நூலின் மொழிபெயர்ப்பு உரிமை 10 ஆண்டுகள்தான் என்றது. அதற்குள் உரிமையாளர் ஒரு மொழியில் மொழிபெயர்ப்பை வெளியிட்டிருந்தால் மட்டும் அந்த மொழிக்கு உரிமை தொடரும். வங்காளத்தில் வந்த நாவல் 10 ஆண்டுகள் வரை தமிழில் வராமலே இருந்தால், பிறகு யாரும் தமிழில் தரலாம் என்று பொருள். பல மொழிகள் வழங்கும் நாட்டுக்கு இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

1957 சட்டம் அந்தக் குறுகிய வரம்பை எடுத்துவிட்டு, 32-ஆம் பிரிவில் வேறு வழி வைத்தது: நூல் வெளியாகி 7 ஆண்டுகள் கழிந்தபின் மொழிபெயர்ப்புக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், உரிமையாளருக்கு நியாயமான ராயல்டி தர வேண்டும். 1967-இல் ஸ்டாக்ஹோமில் பெர்ன் உடன்படிக்கை திருத்தப்பட்டபோது, புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் மொழிபெயர்ப்புக்கும் கல்விப் பயன்பாட்டுக்கும் தளர்வு கேட்டன. கேட்டவர்களில் முன்நின்றது இந்தியா. அந்தத் தளர்வுகளை பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவற்றைத் தாங்கிய ஸ்டாக்ஹோம் நெறிமுறை நடைமுறைக்கு வரவே இல்லை. 1971-இல் பாரிஸில் அதன் இடத்தில் ஒரு பிற்சேர்க்கை வந்தது. காத்திருப்புக் காலம், உரிமையாளருக்கு அறிவிப்பு, ஏற்றுமதித் தடை என்று அடுக்கடுக்கான நிபந்தனைகள் அதில் இருந்ததால் மிகச் சில நாடுகளே அதைப் பயன்படுத்தின.